சூலத்தில் மாட்டிய சாவி

1987 நவம்பர் 21, சனி

மழை. சமபுலாவில் மழை பெய்தது என்று எழுதுவது முகத்தில் மூக்கு இருக்கிறது என்று எழுதுவது மாதிரிதான். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மூலை வீட்டுக்காரர்கள் இன்று சிட்னிக்குப் போய்விட்டார்கள். செப்டம்பரில் இந்தத் தீவில் பட்டாளம் இரண்டாவது தடவையாக ஆட்சியைப் பிடித்ததிலிருந்து எங்கள் தெருவில் இப்படித்தான், ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுகிறது. தெருவில் போன் இருந்த ஒரே வீடு அது. கட்டில், பீரோ, ஆட்டுக்கல் வரைக்கும் விற்றுவிட்டார்கள். விற்காமல் நின்றது இரண்டு சைக்கிள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இந்த மேட்டில் யார் சைக்கிள் வாங்குவான்? இறங்கும்போது ராஜா, ஏறும்போது கழுதை. "கோயிலுக்குக் குடுத்துட்டுப் போறோம் செக்ரட்ரி" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டையும் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது என் மனைவி இந்திரா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் ஏரோப்ளேன் ஏறுறாங்க. நம்ம வீட்ல சைக்கிள் வருது," என்றாள்.

1987 நவம்பர் 22, ஞாயிறு

புதுச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது, டாக்சி ஓடாது, கடை திறக்காது. ஆண்டவன் ஓய்வெடுத்த நாளாம். எங்கள் சாமிகளுக்கு ஓய்வே கிடையாது என்று யார் போய்ச் சொல்வது? சைக்கிளைப் பற்றி யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. போலீஸ்காரரிடம் கேட்டேன். "ஓட்டிப் பாரு, பிடிச்சா தெரிஞ்சிடும்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

1987 நவம்பர் 27, வெள்ளி

கோயில் கமிட்டி. சைக்கிள்களை என்ன செய்வது என்று பேசிப் பேசிக் காபி ஆறிவிட்டது. ஒருவர் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடலாம் என்றார். இன்னொருவர் பேர் எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்றார். எனக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"ஊரே காலியாயிட்டிருக்கு. இருக்குறவங்ககிட்டயும் காசு புடுங்கணுமா? இது தெருவுக்குப் பொது சைக்கிள். சாவி அம்மன் சூலத்துல தொங்கட்டும். எடுக்குறவன் அம்மாவுக்கு முன்னால நின்னு, எங்க போறேன், எப்ப வருவேன்னு வாய் தொறந்து சொல்லிட்டு எடுக்கட்டும். அதுதான் வாடகை."

கைதட்டினார்கள். மாரியம்மனிடம் பொய் சொல்லும் துணிச்சல் எங்கள் ஆட்களில் யாருக்கு உண்டு? வருஷம் தவறாமல் நெருப்பில் நடக்கிற கூட்டம். பொய் சொன்னவன் பாதம்தான் பொத்துப்போகும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள்.

கைதட்டல் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. இன்னொன்றும் சொல்லிவிட்டேன். "போறவங்க போகட்டும். இந்தச் சிவன் போகமாட்டான். அவசரம்னா நபுவாவுல எங்கக்கா வீட்டு வேன் நிக்குது, எப்ப வேணும்னாலும் கேளுங்க."

பக்கத்து வீட்டு அப்பல்சாமி அண்ணன் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். பஸ் கராஜில் பெயிண்ட் அடிக்கிறவர். யாரையும் லேசில் பாராட்டமாட்டார். பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளைக் கொண்டுவந்து பச்சை சைக்கிளுக்கு அடித்துத் தருவதாகச் சொன்னார். அம்மன் நிறம்.

1987 டிசம்பர் 6, ஞாயிறு

கோயில் பெருக்கும் கோவிந்தம்மா அக்காதான் இப்போது சைக்கிள் அதிகாரி. யாராவது சாவியில் கைவைத்தால் போதும், விளக்குமாற்றைத் தரையில் ஊன்றி நின்றுகொள்கிறாள். "எங்க போற? எப்ப வருவ? அம்மாகிட்ட சொல்லிட்டு எடு."

நேற்று கீழ்த்தெரு ஆள் ஒருவன் "மார்க்கெட்டுக்கு" என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனவன், திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "இல்லம்மா, யாங்கோனா குடிக்கத்தான் போறேன், மன்னிச்சிக்கோ" என்றானாம். கோவிந்தம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் சட்டம் வேலை செய்கிறது. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

1987 டிசம்பர் 20, ஞாயிறு

அப்பல்சாமி அண்ணன் வீட்டில் கம்லா வந்திருக்கிறாள். அண்ணனுக்கும் ருக்மணி அண்ணிக்கும் ஒரே மகள். சவுசவுவில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. கப்பலில் வாந்தி எடுத்தே பாதியாகிவிட்டாளாம். வயிறு மட்டும் முன்னால் போகிறது.

எங்கள் வீட்டில் வேறு கதை. மகள் ஷல்வினாவுக்குப் பரீட்சையில் நல்ல மார்க். இங்கே மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைக்குமா என்று ஒரு வாத்தியாரைக் கேட்டேன். அவர் டீயை ஊதிக் குடித்தார். அவரும் நியூஸிலாந்து போகிறார்.

இந்திரா கத்தவில்லை. கத்தினால் பதில் சொல்லலாம். "மேடையில பேசுனீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பேச்ச வெச்சி இவ என்ன படிக்கிறது?" என்றாள்.

1988 ஜனவரி 15, வெள்ளி

வான்கூவரிலிருந்து என் சித்தப்பா மகன் நரேந்திரா வந்திருக்கிறான். லாமியில் மாமியார் வீட்டில் தங்கல். திங்கட்கிழமை திரும்பிப் போகிறான். அவன் நினைத்தால் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள முடியும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வா, உட்கார்ந்து எல்லாப் பேப்பரையும் முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை லாமிக்கு எதில் போவது? சைக்கிள்தான்.

சைக்கிள் என்றால் அம்மனிடம் சொல்ல வேண்டும். கோவிந்தம்மா காதில் விழும், போகமாட்டேன் என்றவன் போகிறான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

1988 ஜனவரி 16, சனி

அக்கா வந்துவிட்டுப் போனாள். வரதோலியில் அவளுடைய மாமனார் வழியில் ஒரு சாவு. நாளை விடியும் முன்னே குடும்பத்தோடு வேனில் கிளம்புகிறார்கள். வீடு பூட்டு.

சிவப்பு சைக்கிளில் செயின் அறுந்து கிடக்கிறது. நான்தான் மாற்றித் தருகிறேன் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம்.

1988 ஜனவரி 17, ஞாயிறு

குழந்தை பிறந்துவிட்டது. உயிரோடு இருக்கிறது. இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

1988 ஜனவரி 18, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்வேன்?

நேற்றுக் காலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். அந்தக் கேடு வேறு. கோவிந்தம்மா விளக்குமாற்றை ஊன்றினாள். நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "நபுவாவுல அக்கா வீட்டுக்கு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்." அக்கா வீடு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தே சொன்னேன். வாயில் முதலில் வந்த பொய் அதுதான். மஞ்சள் சைக்கிளை எடுத்து, நபுவாப் பக்கம் கொஞ்ச தூரம் போய், வளைந்து திரும்பி, லாமிக்கு மிதித்தேன். யார் பார்க்கிறார்கள் என்று? தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சில், மற்றவர்கள் வீட்டுக்குள்.

நான் நரேந்திராவின் மாமியார் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கம்லாவுக்கு வலி வந்திருக்கிறது. நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். டாக்சி இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன் வீடு சிட்னி போய்விட்டது. அப்பல்சாமி அண்ணன் கோயிலுக்கு ஓடியிருக்கிறார். சிவப்பு சைக்கிளுக்குச் செயின் இல்லை. கோவிந்தம்மா சொல்லியிருக்கிறாள், "சிவன் அக்கா வீட்டுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். நபுவா பக்கந்தானே, ஓடு. வேன கொண்டாரச் சொல்லு."

அவர் ஓடியிருக்கிறார். அந்த மழையில், அந்த வயதில். போனால் கதவு பூட்டு. வேன் இல்லை. சரி என்று திரும்பியிருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கலாம். அவர் திரும்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிவன் அம்மன்கிட்ட சொல்லிட்டுப் போனானே, அப்ப இங்கதானே வரணும்? எங்கயோ பக்கத்துல போயிருப்பான், வந்துடுவான் என்று.

உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஐயோ.

நான் வரும்போது வீட்டுக்குள் கம்லா அலறல். எதிர் வீட்டு லிதியா சர்ச்சிலிருந்து வந்த வெள்ளைச் சட்டையோடு முழங்காலிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மருத்துவச்சி இல்லை, ஆறு பெற்றவள், அவ்வளவுதான். தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. ருக்மணி அண்ணி என்னைப் பார்த்து, "நர்ஸு மோகினிய கூட்டியா தம்பி" என்றாள். வத்துவாங்காவுக்கு எப்படிப் போனேன், எப்படி அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன், எதுவும் நினைவில் இல்லை. மோகினி வந்தபோது பிள்ளை வெளியே. நீலமாக இருந்தது. தட்டித் தட்டி அழவைத்தாள். பெண் குழந்தை.

அதற்கப்புறம் அப்பல்சாமி அண்ணன் வந்தார், நனைந்து, ஒரு செருப்போடு. என்னைப் பார்த்தார். "எங்கடா போனே? உங்கக்கா வீட்ல உக்காந்து உக்காந்து பாத்தேனே," என்றார்.

நான் என்ன சொன்னேன்? அக்கா ஊருக்குப் போனது தெரியாமப் போயிட்டேன் அண்ணே, பூட்டியிருந்துச்சு, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன் என்றேன். முதல் பொய்க்கு ஒரு தம்பி.

"ஒரு சுத்து வித்தியாசத்துல விட்டுட்டேன் பாரு. என் புத்தி," என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் நெற்றியில்.

1988 ஜனவரி 24, ஞாயிறு

தெரு முழுக்க என்னைப் புகழ்கிறது. சிவன் பறந்து போய் நர்ஸைக் கொண்டுவந்தானாம்.

1988 பிப்ரவரி 5, வெள்ளி

குழந்தையின் வலது கை தூக்கவில்லை. துணி மாதிரித் தொங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிறக்கும்போது தோளை இழுத்ததில் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். வாராவாரம் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கை சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்களாம்.

லிதியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிறாள். தான்தான் கெடுத்துவிட்டேன் என்று. அப்பல்சாமி அண்ணன் தன் புத்தி என்கிறார். ருக்மணி அண்ணி, வலி ஆரம்பித்ததும் சொல்லாமல் சோறு வடித்துக்கொண்டிருந்தேனே என்கிறாள். எல்லாரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். என் பங்கைக் கேட்பார் இல்லை.

இந்திராவிடம் சொன்னேன். அவளுக்குத்தான் லாமி தெரியுமே. "அந்தக் கைக்கு நீங்களா காரணம்? டாக்சிய நிறுத்துனாங்களே, அந்தச் சட்டம் காரணம்," என்றாள்.

"சட்டமாடி சாமிகிட்ட பொய் சொல்லிச்சு?" என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

1988 பிப்ரவரி 12, வெள்ளி

கம்லாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் கூட்டம், கையை இடித்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. எங்கள் ஆபீஸில் வேலை பாதியாகிவிட்டது, சம்பளமும் பாதி. வெள்ளிக்கிழமை காலை வராதே என்று அவர்களே சொல்கிறார்கள்.

கேரியரில் ஒரு தலையணை கட்டினேன். கம்லா பிள்ளையை அணைத்து உட்கார, நான் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நடந்து, மேட்டில் தள்ளி... நடந்தே போயிருக்கலாம் என்று இந்திரா சொன்னால் சொல்லட்டும். சைக்கிளை எடுக்கும்போது அம்மன் முன்னால் நின்றேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு. பதினொரு மணிக்குள்ள வந்துடுவேன்." உண்மையைச் சொல்லும்போது ஏன் இவ்வளவு சத்தமாகச் சொன்னேன்? கோவிந்தம்மா, "அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

1988 மார்ச் 6, ஞாயிறு

பெயர் வைத்தார்கள். ஷானல். தொட்டிலில் போடும் முன் அப்பல்சாமி அண்ணன் பிள்ளையை என் மடியில் வைத்து, "மொதல்ல நீ கூப்புடு சிவா. நீதான் அன்னிக்கு ஓடுனவன்," என்றார்.

மூன்று தடவை காதில் கூப்பிட வேண்டும். எனக்கு இரண்டு தடவைக்கு மேல் குரல் வரவில்லை. ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1988 ஏப்ரல் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி. பயிற்சி கொடுக்கிற பெண் ஷானலின் கையைத் தூக்கி, விட்டால், அது கீழே விழுகிறது. தூக்கி, விட்டால், விழுகிறது. கம்லா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், "போன வாரத்துக்கு இப்ப பரவால்ல, இல்ல மாமா?" அவளுக்கு ஹிந்திதான் சரளம், தமிழ் பாதிதான் வரும். என்னோடு மட்டும் பிடிவாதமாகத் தமிழில் பேசுகிறாள். ஆமாம்மா என்றேன். பரவாயில்லை என்பதும் பொய்தான். இந்தப் பொய்யை அம்மன் மன்னிப்பாள் என்று நினைக்கிறேன்.

1988 மே 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். இன்று வாசலில் டாக்சி போனது. ருக்மணி அண்ணி அது போய் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

1988 ஜூலை 17, ஞாயிறு

தீமிதி வருகிறது. அப்பல்சாமி அண்ணன் பேத்தியின் கைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். காப்புக் கட்டிப் பத்து நாள் கோயிலிலேயே இருக்கப்போகிறார். என்னைக் கூப்பிட்டார். "நீயும் கட்டிக்கோ சிவா. நீ நடந்தா பிள்ளைக்கு நல்லது. உன் மனசு சுத்தம்."

ஆபீஸில் லீவு இல்லை என்றேன். பாதி ஆபீஸ் மூடிக்கிடக்கிறது, லீவு இல்லையாம். அவர் முகத்தைப் பார்க்காமல் முருங்கைக் கிளையை ஒடித்துக்கொண்டே சொன்னேன். எதற்கு ஒடித்தேன்?

பயம்தான். கால் பொத்துப்போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். பொத்துப்போகாவிட்டால்? அது இன்னும் பயம். அப்போது அம்மனே இல்லை என்றாகிவிடும், அந்த மனுஷன் மழையில் உட்கார்ந்திருந்தது எதற்கு என்றாகிவிடும்.

1988 ஜூலை 31, ஞாயிறு

அண்ணன் நடந்தார். பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. ஷானலின் கை அப்படியே இருக்கிறது.

1988 ஆகஸ்ட் 12, வெள்ளி

கனடா சரி என்று சொல்லிவிட்டது. செப்டம்பர் எட்டாம் தேதி விமானம். ஷல்வினா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பெற்றவனுக்கு அது சந்தோஷமில்லையா? சந்தோஷம்தான். சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

1988 ஆகஸ்ட் 21, ஞாயிறு

கமிட்டியில் சொல்லிவிட்டேன், போகிறோம் என்று. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒருத்தனாவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்பல்சாமி அண்ணன் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தார். "பொண்ணு படிக்கணும்ல. போயிட்டு வா," என்றார்.

"எப்பலேர்ந்து ஏற்பாடு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் அண்ணே, கொஞ்ச நாளா." மூன்றாவது தம்பி.

1988 செப்டம்பர் 2, வெள்ளி

கடைசி ஆஸ்பத்திரிப் பயணம். ஷானல் இப்போது உட்காருகிறாள். சைக்கிள் மணியைக் கண்டால் விடமாட்டாள், எட்டி எட்டி அடிப்பாள். இடது கையால்.

திரும்பி வரும்போது மேட்டில் கம்லா கேட்டாள், "மாமா, வர்ற வெள்ளிக்கெழம நீங்க இருக்கமாட்டீங்க. அப்ப ஷானல யாரு கூட்டிட்டுப் போவா?" குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்பா கூட்டிப்போவார், சைக்கிள் கோயிலில்தானே இருக்கும் என்றேன்.

நேரே போய் அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று அவர் வாசல் வரைக்கும் போனேன். அவர் எங்கள் பெட்டிகளுக்குக் கட்ட கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நல்ல கயிறு அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

1988 செப்டம்பர் 7, புதன்

காலையில் மஞ்சள் சைக்கிளில் போய் மார்க்கெட்டில் கடைசிச் சாமான் வாங்கினேன். அதற்குள் வேன் வந்துவிட்டது, அக்கா அழுகிறாள், ஷல்வினா கத்துகிறாள், பெட்டி ஏறவில்லை. சைக்கிளைக் கோயிலில் பூட்டிவிட்டு ஓடிவந்து ஏறினேன். தெருவே நின்றது. லிதியா ஒரு பாய் கொடுத்தாள். அப்பல்சாமி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது விமானம் ஏறும் ஊரான நாந்தியில், இந்திராவின் தம்பி வீட்டில்.

1988 செப்டம்பர் 8, வியாழன். நாந்தி

சட்டைப் பையில் என்னமோ குத்தியது. சைக்கிள் சாவி.

மாட்ட மறந்துவிட்டேன். பத்து மாதத்தில் ஒருத்தர் மறந்ததில்லை, கீழ்த்தெரு யாங்கோனாக்காரன்கூட. சட்டம் போட்டவன் மறந்திருக்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கம்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவாள், சூலத்தில் சாவி இருக்காது. சிவப்பு சைக்கிள் இன்னும் செயின் இல்லாமல்தான் கிடக்கிறது.

பெரிய விஷயமா? பூட்டை ஒரு கல்லால் உடைக்கலாம். சாவியை அக்கா வேனில் கொடுத்தனுப்பலாம். எனக்குத் தெரியாதா? தெரியும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்திரா பார்த்துவிட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்க வந்தும் இப்பிடித்தான் இருப்பீங்களா?" என்றாள்.

"தெரியல இந்திரா."

"அப்ப போங்க. போய்க் குடுத்துட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாங்க. உங்க டிக்கெட்ட தம்பி மாத்தித் தருவான். நான் இவளக் கூட்டிட்டு முன்னால போறேன்." எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் அந்தப் பிள்ள கை தெரியலன்னு நெனச்சீங்களா? தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுத்தானே துணி காயப்போட்டேன்," என்றாள். அழுதுவிட்டாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்து இது எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி விமானத்தில் இருவரும் போனார்கள். ஷல்வினா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள், என்னைப் பார்த்தும் கையாட்டவில்லை.

1988 செப்டம்பர் 10, சனி. சமபுலா

நேற்று பஸ் வழியில் கெட்டு நின்று, வந்து சேர்வதற்குள் பொழுது போய்விட்டது. வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. கம்லா பஸ்ஸில் போனாளாம்.

இன்று காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "ப்ளேன் உட்டுட்டியா? ருக்கு, சிவன் போகல டீ!" என்று கூவினார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத்தான் வந்தேன்.

சாவியை அவர் கையில் கொடுத்தேன். உட்காராமல் சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு நான் நபுவா போகல. அக்கா ஊர்ல இல்லன்னு முந்துன நாளே தெரியும். லாமிக்குப் போனேன், கனடா பேப்பருக்கு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மன்கிட்ட பொய் சொன்னேன். நீங்க உக்காந்திருந்தது..."

கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்தப் படியில உக்காந்து உனக்கு என்னாச்சோன்னு பயந்தேன்டா," என்றார். "பட்டாளத்துக்காரன் எவனாவது உன்னப் புடிச்சிட்டானோன்னு. அங்க வீட்ல என் பொண்ணு துடிக்குது, நான் உன்ன நெனச்சிப் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எழுந்து உள்ளே போய்விட்டார். ருக்மணி அண்ணி பிள்ளையை என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் தூக்கினாள்.

1988 செப்டம்பர் 16, வெள்ளி

அக்கா வீட்டில் இருக்கிறேன். பொழுது விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். கம்லாவை நான் கூட்டிப்போகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம் என்று. சூலத்தில் சாவி இல்லை, சைக்கிளும் இல்லை.

"அண்ணன் எங்க போயிருக்கார்? எப்ப வருவார்?" என்று கோவிந்தம்மாவிடம் கேட்டேன்.

விளக்குமாற்றைத் தரையில் ஊன்றினாள். "அத அவரு அம்மாகிட்ட சொல்லிட்டாரு. உங்கிட்ட ஏன் சொல்லணும்?"

பதினொரு மணிக்கு மேட்டில் பார்த்தேன். கேரியரில் கம்லா, பிள்ளை. அண்ணன் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. ஓடிப்போய்ப் பின்னாலிருந்து ஒரு கை கொடுக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். கம்லா பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஷானல் மணியை அடித்துக்கொண்டே போனாள்.

1988 செப்டம்பர் 23, வெள்ளி

டிக்கெட் மாற்றிக் கிடைத்துவிட்டது. நாளை ராத்திரி. இந்திரா போனில், "வாங்க, இங்க குளிருது," என்றாள்.

அக்கா வேனில் கொண்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று பெட்டியை அவளிடம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டுக் கோயிலுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை, சைக்கிள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. வெறும் சூலம். எடுக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நின்றேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "கனடாவுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

கோவிந்தம்மா விளக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் கேட் வரைக்கும் போன பிறகுதான் குரல் வந்தது.

"மழ வருது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேவா போவ?"